வரைபடத்தில் இல்லாத ஓடைகள்: எட்டு வழிச் சாலைத் தடத்தில் ஆறு நாள் நடை

சென்னையிலிருந்து சேலத்துக்கு 277.3 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட எட்டு வழிப் பசுமைச் சாலையைப் பற்றி 2018 முதல் எல்லோரையும் போல நானும் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என அந்நாளைய ஐந்து மாவட்டங்களின் வழியாக அது செல்லும் என்பதும், ஏறத்தாழ 124 கிலோமீட்டர் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே அமையும் என்பதும், கிருஷ்ணகிரிக்கு வெறும் 2 கிலோமீட்டர்தான் என்பதும் எனக்கு மனப்பாடமாக இருந்தன. ஆனால் அந்தக் கோடு எந்த மண்ணின் மேல் போகிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர்தான், 'படித்தது போதும், போய்ப் பார்ப்போம்' என்று 2021 பிப்ரவரியில் என்னைக் கிளப்பினார்.

அப்போது வழக்கின் நிலையும் ஓரளவு தெளிவாகியிருந்தது. நிலம் எடுப்பதற்கான அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் விலக்கி, அறிவிக்கைகள் செல்லும் என்றது. அறிவிக்கை வெளியிடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் பணியைத் தொடங்குமுன் அதைப் பெற்றே ஆக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே நாங்கள் நடந்த நாள்களில் சாலை காகிதத்தில் உயிரோடு இருந்தது. மண்ணில் அதன் அடையாளமாக ஆங்காங்கே சில முட்டுக்கற்கள் மட்டுமே இருந்தன. அவற்றிலும் பல பிடுங்கப்பட்டிருந்தன, சில புல்லுக்குள் மறைந்திருந்தன.

முழுத் தடத்தையும் நடப்பது எங்கள் வயதுக்கு நடக்கக்கூடிய காரியமில்லை. செங்கம் வட்டத்தில் தொடங்கி, தென்பெண்ணையைத் தாண்டி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் வழியாக மஞ்சவாடிக் கணவாய் வரையுள்ள பகுதியைத் தேர்ந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் மூன்று வாரங்களில் துண்டு துண்டாக நடந்தோம். ஊர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எங்களோடு பேசியவர்களில் பலர் ஏற்கெனவே போதுமான அளவு விசாரிக்கப்பட்டவர்கள்.

முதல் நாள் நான் செய்த தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு சிறிய தடப்படத்தைக் கண்ணால் பார்த்து, கைப்பேசி வரைபடத்தில் நானே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். தலையில் வெயிலுக்கென்று பளிச்சென்ற மஞ்சள் தொப்பி, கையில் அட்டை, பையில் அளவு நாடா. அந்தக் கோலத்தோடு ஒரு மரவள்ளிக் காட்டின் நடுவே நின்று கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து நின்று, “இன்னும் எத்தன வாட்டிதான் அளப்பீங்க?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடச் சலிப்பே அதிகமாக இருந்தது. நான் அரசு ஊழியன் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை; நம்புவதற்கு நான் எந்தக் காரணமும் கொடுத்திருக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், நான் நின்ற இடம் தடத்திலேயே இல்லை. என் கைக்கோடு ஏறக்குறைய 150 மீட்டர் விலகியிருந்தது என்பது மாலையில் புல எண்களை (சர்வே எண்களை) ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. சாலைக்குப் போகாத ஒரு நிலத்தில் நின்று, அந்த அம்மாவின் ஒரு பகல் பொழுதை நான் கலக்கிவிட்டிருந்தேன்.

அன்றிரவே நண்பர் முறையை மாற்றினார். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 3ஏ பிரிவின் கீழ் வெளியாகும் அறிவிக்கை, எந்தக் கிராமத்தில் எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பு எடுக்கப்பட உள்ளது, அது எவ்வகை நிலம் என்பதை அட்டவணையாகவே தருகிறது. அந்த எண்களைக் கிராம வரைபடத்தில் ஒவ்வொன்றாக நிறம் தீட்டிக்கொண்டே போனால் சாலையின் தடம் தானாகவே எழுந்து வருகிறது; கைப்பேசியில் இழுக்கும் எந்தக் கோட்டையும்விட அது நம்பகமானது. தனிப் புலங்களின் வடிவத்துக்குப் புலப்படம் இருக்கிறது. மேடு பள்ளத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களை எடுத்துக்கொண்டோம். சுற்றுச்சூழல் அனுமதிக்காக அளிக்கப்படும் ஆவணங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். இப்படி இந்தத் தாள்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிப்பதற்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. அதைச் செய்யாமல் நடக்கப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம் என்பதை மரவள்ளிக் காட்டில் கற்றுக்கொண்டிருந்தேன். மஞ்சள் தொப்பியும் அளவு நாடாவும் அதற்குப் பிறகு பையிலிருந்து வெளியே வரவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் தேநீர்க் கடையிலோ கோயில் திண்ணையிலோ உட்கார்ந்து, நாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம், யாருக்கும் எதையும் வாங்கித் தர எங்களால் முடியாது என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் வரக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலான ஊர்களில் கேட்பதற்கு முன்பே யாராவது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

இனி நீருக்கு வருகிறேன். இந்த நடையில் நான் உண்மையிலேயே ஏதாவது அறிந்தேன் என்றால் அது இதுதான்.

1:50,000 அளவுத் தாளில் தாளின் ஒரு சென்டிமீட்டர் நிலத்தின் 500 மீட்டருக்குச் சமம்; சம உயரக் கோடுகளுக்கு இடையே வழக்கமாக 20 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். மலைப் பகுதிக்கு இது போதும். ஆனால் செங்கத்திலிருந்து தெற்கே விரியும் சரிவான சமவெளியில், ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நீரை இழுத்துச் செல்லும் சரிவு சில அடிகள்தான். அந்தச் சில அடிகளை நம்பித்தான் ஏரிச் சங்கிலி முழுவதும் இயங்குகிறது. மேல் ஏரி நிரம்பியதும் கலிங்கல் வழியாக வழியும் உபரி நீர், கீழ் ஏரியின் வரத்துக் கால்வாயில் சேர்கிறது. இடையில் கிடக்கும் புஞ்சைக் காடுகளில் பெய்யும் மழையோ எந்தக் கால்வாயிலும் சேராமல், விரித்த பாயைப் போல நிலத்தின் மேல் பரவி, வரப்புகளைத் தடவிக்கொண்டே கீழே இறங்குகிறது. இந்தப் பரவல் நீர் எந்த வரைபடத்திலும் இல்லை; வரைபடத்தில் கோடாக இருப்பதற்குத்தான் சிறுபாலம் கிடைக்கும். தரையிலிருந்து சில மீட்டர் உயர்த்திக் கட்டப்படும் அகன்ற சாலை, குறுக்கே கிடக்கும் நீண்ட ஏரிக்கரையைப் போன்றதுதான். வேறுபாடு என்னவென்றால், ஏரிக்கரைக்கு மதகும் கலிங்கலும் எங்கே வேண்டும் என்று பல தலைமுறைகள் பார்த்துத் திருத்தியிருக்கின்றன.

2021 சனவரியில் வழக்கத்துக்கு மாறாகத் தமிழகமெங்கும் நல்ல மழை பெய்திருந்தது எங்களுக்கு வாய்த்த நல்லூழ். பிப்ரவரியில் சில இடங்களில் கலிங்கலில் இன்னும் மெல்லிய கசிவு இருந்தது. அதைவிட முக்கியமாக, நீர் ஓடிய தடம் அழியாமல் இருந்தது: வேலிமுள்ளின் அடியில் சிக்கிய சருகுகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருந்தன, வண்டிப்பாதையின் செம்மண்ணில் வரி வரியாக நுண்மணல் படிந்திருந்தது, ஓரிடத்தில் பனையின் தூரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கறை இருந்தது. இவற்றைப் படிப்பதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். இதே தடத்தில் ஏப்ரலில் நடந்திருந்தால், எல்லாம் காய்ந்து வெறும் தரிசாகத் தெரிந்திருக்கும். திட்டமிடப்பட்ட ஒரு சாலையின் தடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மழை விட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் போய்விட வேண்டும். கோடையில் எடுத்த படங்களில் தெரியும் 'வெற்று நிலம்' பற்றி எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது.

நாங்கள் குறிப்பெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் படம் பிடிப்பது என்று தொடங்கி, முதல் இரண்டு நாள்களிலேயே எண்ணற்ற படங்கள் சேர்ந்துவிட்டன. வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு இடத்திலும் முதலில் நோட்டின் ஒரு பக்கத்தில் தேதி, நேரம், கிராமம், புல எண், நிற்கும் திசை ஆகியவற்றைப் பெரிதாக எழுதி, அந்தப் பக்கத்தை ஒரு படம், பிறகு இடத்தை மூன்று படம் என்று எடுத்தோம். இருப்பிடத் தகவலைப் படத்தோடு பதியும் வசதியைக் கைப்பேசியில் இயக்கி வைத்தோம். இப்படிச் செய்தால் அந்தப் படம் வெறும் நினைவாக நின்றுவிடாமல், ஒருவர் தன் மனுவோடு இணைக்கக்கூடிய ஆவணமாகிறது. 3ஏ அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று 3சி பிரிவு சொல்கிறது. இருபத்தொரு நாள் என்பது கிராமத்தில் ஒரு செய்தி வந்து சேர்ந்து, அதை நம்பி, ஆவணம் தேடி, மனு எழுதுவதற்குள் கரைந்துவிடும் காலம். 'என் நிலத்தை எடுக்காதீர்கள்' என்ற ஒற்றை வரியோடு போன மனுக்களின் நகல்களைச் சிலர் எங்களுக்குக் காட்டினார்கள். இன்ன புல எண்ணின் தென்மேற்கு மூலையில் இன்ன அகலத்தில் ஓடை குறுக்கே போகிறது, அதை நம்பி இத்தனை கிணறுகள் வாழ்கின்றன என்று எழுதியிருந்தால், பதில் சொல்கிறவரும் அந்த ஓடையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்திருக்கும். அறிவிக்கைக்குக் காத்திராமல், தடம் பற்றிய பேச்சு எழும்போதே நடந்து குறித்து வைத்துக்கொள்வதுதான் பயன் தரும் என்று நான் கருதுகிறேன்.

கிணறுகளும் எங்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தன. அப்பகுதிக் கிணறுகளில் பல, சுற்றுச்சுவர் இல்லாமல் தரைமட்டத்தோடு வாய் திறந்து கிடப்பவை. புல் மூடிய விளிம்பில் என் கால் ஒருமுறை சறுக்கி, உடன் வந்த பெரியவர் என் பையைப் பிடித்து இழுத்ததால் தப்பினேன். “பாத்து நடங்க சார், கெணறு நகராது” என்று அவர் சிரித்தார். நகராத கிணறுதான் அங்கே சிக்கலே. அவருடைய நிலத்தில் கிணறு தடத்துக்குக் கிழக்கே தப்பித்துவிடுகிறது. நஞ்சை மேற்கே தப்பித்துவிடுகிறது. எடுக்கப்படுவது நடுவிலுள்ள ஒரு பட்டை மட்டுமே. காகிதத்தில் இது குறைந்த இழப்பு. ஆனால் குழாயைச் சாலைக்கு அடியில் கொண்டுபோக வழியில்லாவிட்டால் மேற்கு நிலம் மானாவாரியாகிவிடும். தொடர்ந்து கிடந்த நிலத்தைத் துண்டாடுவதால் ஏற்படும் இழப்பையும் இழப்பீட்டில் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 3ஜி பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது என்பதை நண்பர் எடுத்துச் சொன்னபோது, பெரியவர் அதைத் தன் பேரனிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். கிணற்றின் விலையையும் தென்னையின் எண்ணிக்கையையும் எல்லோரும் கேட்கிறார்கள். கிணற்றுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தொடர்பைக் கேட்பவர் குறைவு. இன்னொன்று: நிலம் முறையாகக் கைமாறும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பழையபடி திருத்த வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆகையால் தடத்தில் நிலம் உள்ளவர்கள் தங்கள் பட்டாவையும் சிட்டாவையும் இணையத்தில் அவ்வப்போது எடுத்துத் தேதியோடு அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நாய்களைப் பற்றி எழுதாவிட்டால் இந்த அனுபவம் முழுமையாகாது. புஞ்சைக் காட்டுக்குள் தனித்திருக்கும் வீடுகளின் நாய்கள், நாம் வரப்பில் கால் வைத்த உடனேயே நம் வரவை அறிவித்துவிடுகின்றன. ஓடக்கூடாது, கல்லை எடுக்கக்கூடாது, நின்ற இடத்திலேயே நின்று வீட்டுக்காரரைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டும் என்பதை மூன்றாம் நாள் ஒரு கிழிந்த கால்சட்டையோடு கற்றேன். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. அவற்றுள் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல், எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த வீரனோடு, இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் அவனுடைய நாயையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்த வம்சத்தாரிடம் கடி வாங்கியதாக எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டேன்; ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நகைச்சுவை ஒருபுறம் இருக்க, வரப்போரம் சாய்ந்து கிடக்கும் பலகைக்கல் ஒன்றில் வில்லோ வாளோ ஏந்திய உருவம் தெரிந்தால், அதையும் புல எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல் துணி துவைக்கவும் பயன்படும், பொங்கலிட்டு வணங்கப்படவும் செய்யும். கல்லுக்குப் பொட்டு வைத்திருந்தால் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

நான்காம் நாள் மாலை, ஒரு வண்டிப்பாதை தடத்தைக் கடக்கும் இடத்தில் புளிய மரத்தடியில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். இதை நண்பர்தான் வற்புறுத்தினார்; எனக்குப் பொறுமை இல்லை. மேலே ஒருவர் புளி உலுக்கிக்கொண்டிருக்க, கீழே பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பள்ளி விட்ட பிள்ளைகள் மிதிவண்டியில் கடந்தார்கள், மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பின, பால் கேன்களோடு இருசக்கர வண்டிகள் போயின, தலையில் புல்லுக்கட்டோடு ஒருவர் இந்தப் பக்கம் வந்து வெறுங்கையோடு அந்தப் பக்கம் திரும்பினார். வேலியிட்ட விரைவுச் சாலையில் கண்ட இடத்தில் குறுக்கே போக முடியாது. சுரங்கப்பாதை எங்கே அமைகிறதோ அங்கேதான் கடக்கலாம். ஆகையால் அது எங்கே அமையும் என்பதை முடிவு செய்வதற்கு முன் யாராவது இப்படி ஒவ்வொரு பாதையிலும் ஒரு காலையும் ஒரு மாலையும் உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பகலில் வந்து பார்த்தால் அந்தப் பாதையில் ஒரு காக்கைகூட இருக்காது.

ஐந்தாம், ஆறாம் நாள்களைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டியதும் சேர்வராயன் மலைத்தொடர் ஒருபுறமும் சித்தேரி மலைகள் மறுபுறமும் நெருங்கி வர, இடையில் மஞ்சவாடிக் கணவாய் திறக்கிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். எங்களிடம் அனுமதி இல்லாததால் தடத்தை விட்டுவிட்டு, அரூரிலிருந்து சேலம் செல்லும் இப்போதைய சாலையின் ஓரமாகவே கணவாயைக் கடந்தோம். காட்டைப் பற்றி நான் எதுவும் எழுதாததற்குக் காரணம் அதுதான். பார்க்காததைப் பற்றி எழுதக்கூடாது என்பதற்காகத்தானே நடக்கத் தொடங்கினோம்.

திரும்பும் வழியில், இரண்டாம் வாரம் எங்களோடு நடந்த ஓர் இளைஞரின் வீட்டுக்கு மீண்டும் சென்றோம். அவருடைய ஊரின் குறுக்கே போகும் ஓடையைப் பற்றிய எங்கள் குறிப்பின் படியைக் கொடுப்பதற்காகத்தான். கிராம வரைபடத்தில் அதற்கு 'ஓடை' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. நாங்களும் அப்படியே எழுதியிருந்தோம். அவருடைய பாட்டி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். மலையடிவாரத்திலிருந்து ஆலமரம் வரை அது கல்லோடை, ஆலமரத்திலிருந்து தங்கள் கிணறு வரை நாவலோடை, அதற்குக் கீழே ஏரியில் சேரும் வரை அதைச் சுடுகாட்டோடை என்றுதான் சொல்ல வேண்டும், சும்மா 'ஓடை' என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நண்பர் திண்ணையில் உட்கார்ந்து மூன்று பெயர்களையும், ஒவ்வொன்றும் தொடங்கி முடியும் புல எண்களையும் சேர்த்து அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினார். பாட்டி மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேரனை அதை அரிசிப் பானைக்கு மேலே இருந்த தகரப் பெட்டியில், பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னார்.